சாஃப்ட்வேர் இன்டர்வியூவில் ஏன் ஆளுக்கொரு தீர்ப்பு?

ஒரே மாதத்தில் இரண்டு கம்பெனிகளுக்கு இன்டர்வியூ போகிறீர்கள். இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் கேள்வி. நீங்கள் எழுதிய விடையும் ஒன்றுதான். ஓரிடத்தில் ‘உடனே எடுத்துவிடலாம்’ என்கிறார்கள். மற்ற இடத்திலிருந்து நாலு வரி மெயில் வருகிறது: நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, இந்த முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை. ஏன் என்று அதில் இல்லை. கேட்டாலும் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்.

சாஃப்ட்வேர் வேலை தேடியவர்களுக்கு இது புதிதல்ல. இப்படி நடக்கும்போது மனம் இரண்டில் ஒன்றுக்குத் தாவும். ‘எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை’ என்று தோன்றும். இல்லாவிட்டால், ‘யாரை எடுப்பது என்று முன்பே முடிவு செய்துவிட்டு என்னை ஒப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்’ என்று தோன்றும். இரண்டுமே சில நேரம் உண்மையாக இருக்கலாம். ஆனால் இந்த இரண்டுக்கும் வெளியே, யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலே முடிவு அநியாயமாகப் போகும் ஒரு வழி இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே அடிப்படையிலிருந்து பார்க்கப் போகிறோம்.

நீங்கள் கிளம்பிய பிறகு நடப்பது

பொதுவாக ஒரு ஹெச்ஆர் போன், கோடிங் ரவுண்டு ஒன்றிரண்டு, அனுபவம் உள்ளவர் என்றால் ஒரு பெரிய மென்பொருளை எப்படி அமைப்பீர்கள் என்று கேட்கும் சிஸ்டம் டிசைன், கடைசியில் மேனேஜருடன் ஒரு பேச்சு. ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் உங்களைப் பார்த்தவர் ஒரு படிவம் நிரப்புவார். அதில் மார்க் என்று பார்த்தால் பெரும்பாலும் நாலே படிகள்: ஸ்ட்ராங் ஹையர், ஹையர், நோ ஹையர், ஸ்ட்ராங் நோ ஹையர் (ஹையர் என்றால் எடுக்கலாம், நோ ஹையர் என்றால் வேண்டாம்). அப்புறம் எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு டீப்ரீஃப் என்று பெயர். உங்கள் விதி அங்கேதான் எழுதப்படுகிறது.

அந்தப் படிவத்துக்கு முன்னால் நடப்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். கேள்வி இது: ஒரு பட்டியலில் மீட்டிங் நேரங்கள் இருக்கின்றன. ஒன்றோடொன்று இடிக்கும் நேரங்களைச் சேர்த்துச் சுருக்கித் தர வேண்டும். இன்டர்வியூவுக்கு வந்தவர் முதல் மூன்று நிமிடம் பேசவே இல்லை. பிறகு ‘பட்டியல் வரிசைப்படி இருக்குமா?’ என்று கேட்டார். முதலில் லூப்புக்குள் லூப் வைத்து மெதுவாக ஓடும் ஒரு விடையை எழுதினார். எதிரே இருந்தவர் லேசாகக் கோடி காட்டியதும், முதலில் வரிசைப்படுத்திக்கொள்ளலாம் என்று பிடித்துக்கொண்டு வேகமான விடைக்கு மாறினார். எழுதிய கோடு (புரோகிராம்) ஓடியது. பட்டியல் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

இதைப் பார்த்த ஒருவர் இப்படி எழுதலாம்: நிதானமாக யோசிக்கிறார், தேவையான கேள்வியைக் கேட்கிறார், முதலில் ஓடும் விடை பிறகு வேகம் என்ற நல்ல பழக்கம் இருக்கிறது, ஒரு சொல் சொன்னால் பிடித்துக்கொள்கிறார், சின்னதாக ஒரு விடுபடல். முடிவு, ஹையர்.

அதே நாற்பத்தைந்து நிமிடத்தைப் பார்த்த இன்னொருவர்: என்ன யோசிக்கிறார் என்றே சொல்லவில்லை, கம்யூனிகேஷன் போதாது, சின்ன விஷயத்தையும் கேட்டுத்தான் செய்கிறார், நேரடியான வழி தானாகத் தோன்றவில்லை, நாம் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது, எல்லைகளைச் சோதிக்கும் பழக்கம் இல்லை. முடிவு, நோ ஹையர்.

இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் பார்த்தது ஒன்றுதான். பார்த்ததற்கும் எழுதிய தீர்ப்புக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. ‘மூன்று நிமிடம் பேசவில்லை’ என்பது நடந்த விஷயம். ‘கம்யூனிகேஷன் போதாது’ என்பது அதற்கு ஒருவர் கொடுத்த அர்த்தம். அந்த அர்த்தத்தை எப்படிக் கொடுப்பது என்று கம்பெனி முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால், ஒவ்வொருவரும் தன் அனுபவத்தில் இருந்து, தன் குணத்தில் இருந்து, சில நேரம் அன்றைய தூக்கத்தில் இருந்துகூட அதை எடுத்துக்கொள்வார்கள். அகவயமான முடிவு என்று நாம் புலம்புவது இந்த இடைவெளியைப் பற்றித்தான். (கம்யூனிகேஷன் என்ற அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் பாதி ரிஜெக்ட் படிவங்கள் எழுதப்படாமலே போயிருக்கும் என்பது என் நெடுநாள் சந்தேகம்.)

சாய்வு வேறு, சிதறல் வேறு

தப்பான தீர்ப்பு இரண்டு வகையில் வரும். ஓர் எடை மெஷின் யார் ஏறினாலும் இரண்டு கிலோ கூடுதலாகவே காட்டுகிறது என்றால் அது சாய்வு. ஒரே ஆள் ஐந்து முறை ஏறி இறங்கினால் ஐந்து எடை காட்டுகிறது என்றால் அது சிதறல். முதல் வகையைக் கண்டுபிடிப்பது ஓரளவு சுலபம், ஏனென்றால் அது ஒரே திசையில் தள்ளும். இரண்டாவது வகை ஒருமுறை இப்படி, ஒருமுறை அப்படி என்று போவதால் யாருக்கும் எதிரானதாகத் தெரியாது. அதனால் அதைப் பற்றிக் கவலைப்படுபவர்களும் குறைவு.

சாய்வைப் பற்றி நூறு வருடத்துக்கு மேலாகத் தெரியும். 1920-ல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ராணுவ அதிகாரிகளுக்கு அவர்களின் மேலதிகாரிகள் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைக் குணம், நடத்தை என்று தனித்தனியாக மதிப்பிடச் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஒன்றில் உயர்வாகப் போட்டவர்கள் எல்லாவற்றிலும் உயர்வாகவே போட்டிருந்தார்கள். உடற்கட்டுக்கும் அறிவுக்கும் அவ்வளவு நெருக்கம் இருக்க வழியில்லை. ஒரு நல்ல அபிப்பிராயம் வந்துவிட்டால் அதன் வெளிச்சம் மற்ற எல்லாவற்றின் மேலும் படிகிறது. இதை ஹேலோ எஃபெக்ட் என்கிறார்கள். பெரிய கம்பெனியின் பெயர் ரெஸ்யூமேயில் இருந்தால், அதே காலிப் பட்டியல் பிழை ‘சின்ன விடுபடல்’ ஆகிவிடுவதற்கு இதுதான் காரணம்.

‘கல்சர் ஃபிட்’, அதாவது நம் கம்பெனியின் சூழலுக்குப் பொருந்துவாரா என்று பார்ப்பதும் இந்தப் பக்கம்தான் வரும். சமூகவியலாளர் லாரன் ரிவேரா 2012-ல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் முன்னணி வக்கீல் நிறுவனங்கள், முதலீட்டு வங்கிகள், கன்சல்டிங் நிறுவனங்கள் எப்படி ஆள் எடுக்கின்றன என்று பார்த்தது. ஆள் எடுப்பவர்கள் 120 பேரிடம் பேசினார். பொழுதுபோக்கு, அனுபவம், பேச்சு முறை இவற்றில் தன்னைப்போல் இருப்பவரைத் தேடுவது அங்கே தேர்வின் பெரிய பகுதியாக இருந்தது. அது சாஃப்ட்வேர் துறை இல்லை. ஆனால் ‘இவரோடு வேலை செய்ய எனக்குப் பிடிக்குமா?’ என்ற கேள்வியைக் கோடிங் ரவுண்டின் படிவத்திலும் வைத்தால் பதில் அதே இடத்தில் இருந்துதான் வரும்.

சிதறல் சாஃப்ட்வேர் உலகில் எவ்வளவு என்பதற்கு ஒரு நேரடிச் சான்று உண்டு. இன்டர்வியூயிங்.ஐஓ என்ற தளத்தில் எஞ்சினியர்கள் பெயர் சொல்லாமல் பயிற்சி இன்டர்வியூ கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மார்க் உண்டு. ஒரே ஆள் பல இன்டர்வியூக்களில் வாங்கிய மார்க்குகளை அவர்கள் 2016-ல் அடுக்கிப் பார்த்தார்கள். ஏறக்குறைய கால் பங்குப் பேர்தான் ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் இருந்தார்கள். மற்றவர்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். ஓரிடத்தில் 4 வாங்கியவர்களிலேயே பலர் இன்னோரிடத்தில் 2 வாங்கியிருந்தார்கள். இதில் கேள்வி மாறியது, ஆளின் அன்றைய நிலை மாறியது, எதிரே இருந்தவர் மாறியது எல்லாம் கலந்திருக்கும். ஆனால் கம்பெனி உங்களைப் பார்ப்பது ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறை எந்த நாளாக அமைகிறது என்பது உங்கள் கையில் இல்லை.

வேண்டாம் என்றவர் தன் தவறை எப்படித் தெரிந்துகொள்வார்?

என்னைக் கேட்டால் இந்த விஷயத்தின் மையம் இதுதான். ஒரு புரோகிராமர் தப்பாகக் கோடு எழுதினால் அது உடைகிறது, இரவில் போன் வருகிறது, அடுத்த முறை கவனமாக இருக்கிறார். இன்டர்வியூ எடுப்பவருக்கு அப்படி எந்தப் போனும் வருவதில்லை. அவர் வேண்டாம் என்று சொன்ன ஆள் வேறெங்கோ போய் அருமையாக வேலை செய்தாலும், அது அவர் கண்ணில் படாது. எடுத்தவர்களில் சிலர் நன்றாக அமைந்துவிடுவார்கள், அது மட்டும் தெரியும். பத்து வருடம் இப்படி ஆள் எடுத்தவருக்குத் தன் கணிப்பின் மேல் நம்பிக்கை வளர்ந்துகொண்டே போகும். கணிப்பு வளர்ந்ததா என்பது யாருக்கும் தெரியாது.

கூகுளின் மனிதவளப் பிரிவுக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-ல் ஒரு பேட்டியில் சொன்னது இன்றும் பேசப்படுகிறது. பல்லாயிரம் இன்டர்வியூக்களை எடுத்து, யார் எடுத்தார்கள், என்ன மார்க் போட்டார்கள், எடுத்த ஆள் பிறகு எப்படி வேலை செய்தார் என்று பொருத்திப் பார்த்தார்களாம். மார்க்குக்கும் வேலைக்கும் தொடர்பே இல்லை என்று வந்தது. ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து கொள்ளும் என்பது மாதிரியான புதிர்க் கேள்விகள் சுத்தமாக நேர விரயம், கேட்பவருக்குத் தன்னைப் புத்திசாலியாக உணர உதவுவதைத் தவிர அவற்றால் ஒரு பயனும் இல்லை என்ற பொருளிலும் அவர் பேசினார்.

இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் இன்டர்வியூவே வீண்’ என்று குதிக்கக் கூடாது. வேலை செய்ததை அளக்க முடிந்தது எடுத்த ஆட்களை மட்டும்தான். அவர்கள் எல்லோருமே வடிகட்டித் தேறியவர்கள். தேறியவர்களுக்குள் 3.2 வாங்கியவருக்கும் 3.6 வாங்கியவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் இதன் கறாரான அர்த்தம். வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எப்படிச் செய்திருப்பார்கள்? அதற்கு விடை கண்டுபிடிக்க வேண்டுமானால் வேண்டாம் என்றவர்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கம்பெனி அதைச் செய்யும்?

கம்பெனி செய்யாது. ஆனால் ஒரு மருத்துவக் கல்லூரியில் அது தற்செயலாக நடந்தது. ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 1979-ல் வழக்கம்போல் இன்டர்வியூ வைத்து மாணவர்களைத் தேர்வு செய்து முடித்துவிட்டது. அதற்குப் பிறகு, இன்னும் 50 பேரைச் சேர்க்க வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் சொன்னது. அந்த நேரத்தில் மிச்சம் இருந்தவர்கள் இன்டர்வியூ வரிசையில் கீழே கிடந்தவர்கள்தான். வேறு வழியில்லாமல் அவர்களிலிருந்து 50 பேரைச் சேர்த்தார்கள். படிப்பிலும் சரி, படிப்பு முடிந்த பிறகு முதல் வருடப் பயிற்சியிலும் சரி, முதலில் எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் காணவில்லை. அந்த உத்தரவு மட்டும் வராமல் இருந்திருந்தால், தங்கள் தேர்வு முறை துல்லியமானது என்று அந்தக் கல்லூரி இன்னும் பல வருடம் நம்பியிருக்கும்.

இதைவிடக் கொஞ்சம் வேடிக்கையான சோதனை 2013-ல் வெளிவந்தது. ஜேசன் டேனா, ராபின் டாஸ், நதானியல் பீட்டர்சன் ஆகியோர் நடத்தியது. ஒரு மாணவர் இன்னொரு மாணவரை இன்டர்வியூ செய்து, அடுத்து அவர் எவ்வளவு மதிப்பெண் வாங்குவார் என்று கணிக்க வேண்டும். பழைய மதிப்பெண் கையில் கொடுக்கப்படும். பதில் சொல்பவர்களில் ஒரு பகுதியினரிடம், கேள்வியில் வரும் சொற்களின் முதலெழுத்தை வைத்து ஒரு விதிப்படி ‘ஆமாம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லும்படி ரகசியமாகச் சொல்லிவைத்தார்கள். அதாவது பதிலுக்கு அர்த்தமே கிடையாது. கேள்வி கேட்டவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த உளறலில் இருந்தும் அந்த ஆளைப் பற்றி ஒரு முழு உருவத்தை மனதில் கட்டிக்கொண்டார்கள். கணிப்பு என்று பார்த்தால், இன்டர்வியூ செய்யாமல் பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சொன்னதே அதிகம் பலித்தது. ‘பேசிப் பார்த்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம்’ என்று சொல்பவரிடம் இந்தச் சோதனையை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

பலகைக்கு முன்னால் நிற்பது

சாஃப்ட்வேர் இன்டர்வியூவுக்கு என்றே ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. முன்னால் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பேசிக்கொண்டே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கோடு எழுத வேண்டும். வேலையில் அப்படி யாரும் எழுதுவதில்லை.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில் 48 கணினியியல் மாணவர்களுக்கு ஒரே கணக்கைக் கொடுத்தார்கள். ஒரு குழு பலகைக்கு முன்னால், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதைச் சத்தமாகச் சொல்லியபடி எழுத வேண்டும். இன்னொரு குழுவுக்கும் பலகைதான், ஆனால் தனி அறை, யாரும் பார்க்க மாட்டார்கள். பார்வைக்கு நடுவில் எழுதியவர்களின் மதிப்பெண் தனியாக எழுதியவர்களுடையதில் பாதிக்கும் கீழே போனது. அந்தக் குழுவில் இருந்த பெண்கள் ஒருவர்கூடத் தேறவில்லை, தனியறையில் எழுதிய பெண்கள் எல்லோரும் தேறினார்கள். பெண்கள் எண்ணிக்கை சின்னது என்பதால் இந்தக் கடைசி விஷயத்தை வைத்துப் பெரிய முடிவுக்குப் போக முடியாது. ஆனால் அளக்கப்படுவது புரோகிராமிங் மட்டும் இல்லை, மேடைப் பதற்றமும் சேர்ந்துதான் என்பது தெளிவு.

ஹோம்புரூ என்ற மென்பொருளை உருவாக்கிய மாக்ஸ் ஹோவெல் 2015-ல் ட்விட்டரில் கொதித்தார். எங்கள் எஞ்சினியர்களில் 90 சதவீதம் பேர் நீங்கள் எழுதிய மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் பைனரி ட்ரீயை (இரண்டிரண்டாகக் கிளை பிரியும் தரவு அமைப்பை) இடவலமாகத் திருப்பிப் பலகையில் எழுத உங்களுக்குத் தெரியவில்லை, அதனால் வேண்டாம் என்று கூகுள் தன்னை அனுப்பிவிட்டது என்பது அவர் ஆதங்கம். கூகுள் எவ்வளவு முட்டாள்தனமானது என்பதற்கு இதை உதாரணமாகச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நல்ல கருவி செய்பவர் எல்லா வேலைக்கும் பொருந்துவார் என்று இல்லை. எனக்கு உறுத்துவது வேறு: பல வருடம் ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்திய வேலை என்ற சான்று மேஜையில் இருக்கும்போது, முக்கால் மணி நேரச் சான்றுக்கு அதைவிட எடை அதிகமாகப் போனது எப்படி?

மனிதத் தீர்ப்பே வேண்டாமா?

வேண்டும். அதை எப்போது உள்ளே விடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் 1955-ல், 21 வயதில், இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தார். புதிதாகச் சேருபவர்களை எந்தப் பிரிவுக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்யும் இன்டர்வியூ முறை பயனற்றுக் கிடந்தது. அரட்டை மாதிரிப் பேசி, ஆளைப் பற்றி மொத்தமாக ஓர் அபிப்பிராயம் சொல்வார்கள். அவர் அதை மாற்றினார். பொறுப்புணர்வு, பழகும் தன்மை என்று ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் கடந்த வாழ்க்கையைப் பற்றிய நேரடிக் கேள்விகள். ஒரு குணத்துக்கு 1 முதல் 5 வரை மார்க் போட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். இன்டர்வியூ எடுத்தவர்களுக்குக் கோபம், எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்றார்கள். சரி, எல்லாம் முடிந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இந்த ஆள் நல்ல சிப்பாயாக வருவாரா என்று மனதில் பட்டதற்கும் ஒரு மார்க் போடுங்கள் என்று விட்டுக்கொடுத்தார். சில மாதம் கழித்துப் பார்த்தால், ஆறு மார்க்குகளின் கூட்டுத்தொகை பழைய முறையைவிட நன்றாகவே கணித்திருந்தது. கடைசியில் கண்ணை மூடிப் போட்ட மார்க்கும் அதற்கு இணையாக இருந்தது. உள்ளுணர்வு ஆரம்பத்தில் வந்தால் கெடுக்கிறது, ஆறு விஷயங்களைப் பார்த்து முடித்த பிறகு வந்தால் உதவுகிறது.

இந்த முறைக்கு இப்போது கட்டமைப்புள்ள இன்டர்வியூ, அதாவது ஸ்ட்ரக்சர்ட் இன்டர்வியூ என்று பெயர். எல்லோருக்கும் ஒரே கேள்விகள். எது நல்ல பதில், எது நடுத்தரம், எது போதாது என்று முன்பே எழுதிய அளவுகோல், அதை ரூப்ரிக் என்பார்கள். ஒவ்வொரு அம்சத்துக்கும் தனி மார்க். மற்றவர் என்ன போட்டார் என்று பார்ப்பதற்கு முன்பே உங்கள் மார்க்கை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில், ‘ஒரு குறிப்புக்குப் பிறகு சரியான வழிக்கு வந்தால் 3, மூன்று குறிப்புகளுக்குப் பிறகும் வராவிட்டால் 1’ என்று ரூப்ரிக்கில் எழுதியிருந்தால், அந்த இரண்டு பேரும் ஹையர், நோ ஹையர் என்று இரு துருவத்துக்குப் போயிருக்க முடியாது.

பலன் எவ்வளவு? ஷ்மிட், ஹண்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். கணிப்புக்கும் பிறகு செய்யும் வேலைக்கும் உள்ள பொருத்தம், 0 என்றால் ஒன்றுமில்லை, 1 என்றால் முழுமை. கட்டமைப்புள்ள இன்டர்வியூவுக்கு 0.51, கட்டமைப்பு இல்லாததற்கு 0.38. சாக்கெட் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2022-ல் அந்தக் கணக்குகளைத் திருத்தினார்கள்: முதலாவது 0.42, இரண்டாவது வெறும் 0.19. திருத்திய பட்டியலில் எல்லா முறைகளுக்கும் மேலே இருப்பது கட்டமைப்புள்ள இன்டர்வியூதான். ஆனால் 0.42-ஐ அதாலேயே பெருக்கினால் சுமார் 0.18. அதாவது ஆளுக்கு ஆள் வேலையில் தெரியும் வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இந்த முறையால் விளங்கவில்லை. இருப்பதிலேயே நல்லதன் கதியே இதுதான்.

பெரிய கம்பெனிகள் இதை அறியாதவை அல்ல. அமேசானில் 1999 முதல் ‘பார் ரெய்சர்’ என்று, ஆள் எடுக்கும் குழுவுக்கு வெளியே இருந்து பயிற்சி பெற்ற ஒருவர் உட்காருவார். கூகுளில் இறுதி முடிவைக் கேண்டிடேட்டின் முகமே பார்க்காத ஒரு கமிட்டி, எழுதிய குறிப்புகளைப் படித்து எடுக்கும் முறை இருந்துவந்தது. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் கமிட்டி படிப்பது முன்னால் உட்கார்ந்தவர் எழுதிய குறிப்பைத்தானே?

ஒரு சின்னக் கணக்கு

நீங்கள் நல்ல எஞ்சினியர், யார் இன்டர்வியூ எடுத்தாலும் 80 சதவீதம் ஹையர் என்றே சொல்வார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலு ரவுண்டு. நாலு பேரும் சரி என்றால்தான் வேலை. 0.8-ஐ நாலு முறை பெருக்கினால் 0.41. ஒவ்வொருவரிடமும் எளிதாகத் தேறும் ஆளுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு 41 சதவீதம்தான். ஐந்தாவது ரவுண்டு சேர்த்தால் 33.

ரவுண்டு கூடினால் முடிவு துல்லியமாகும் என்று கம்பெனிகள் நினைக்கின்றன. மார்க்குகளைச் சராசரி எடுத்தால் அது ஓரளவு உண்மை. கூகுளே தன் தரவைப் பார்த்து, நாலு இன்டர்வியூவுக்கு மேல் வைப்பதில் கிடைக்கும் கூடுதல் பயன் மிகச் சொற்பம் என்று நிறுத்திக்கொண்டது. ஆனால் யாராவது ஒருவர் வேண்டாம் என்றாலே முடிந்தது என்ற விதியில் சராசரி இல்லை. அங்கே ஒவ்வொரு ரவுண்டும் சிதறலுக்கு இன்னொரு கதவைத் திறந்துவிடுகிறது. தப்பான ஆளை எடுத்தால் செலவு கண்ணுக்குத் தெரியும், நல்ல ஆளை விட்டால் தெரியாது என்பதால் கம்பெனிகளுக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. அவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. விலையைக் கொடுப்பது நீங்கள், அவ்வளவுதான்.

இப்போது கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 41 சதவீத வாய்ப்புள்ள மூன்று கம்பெனிகளுக்குப் போனால், ஒன்றிலாவது கிடைப்பதற்கு 79 சதவீதம். இது ஒவ்வோர் இன்டர்வியூவும் மற்றதோடு சம்பந்தமில்லாமல் நடக்கிறது என்று எடுத்துக்கொண்ட கணக்கு. உங்களிடம் உண்மையிலேயே ஒரு குறை இருந்தால் அது எல்லா இடத்திலும் கூடவே வரும், கணக்கு இவ்வளவு இனிப்பாக இருக்காது.

அதனால் எது சிதறல், எது குறை என்று பிரிக்க வேண்டும். காரணத்தைக் கம்பெனி சொல்லாது. வழக்கு வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், விவாதம் இழுக்குமே என்ற அலுப்பு ஒரு பக்கம், உங்களிடம் பேசும் ஹெச்ஆருக்கே முழுசாகத் தெரியாது என்பது இன்னொன்று. ஆகவே குறிப்பை நீங்களே எழுத வேண்டும். இன்டர்வியூ முடிந்த அன்றே, என்ன கேட்டார்கள், எங்கே நின்றீர்கள், எங்கே உங்களுக்கு எடுத்துக்கொடுத்தார்கள் என்று எழுதிவையுங்கள். ‘நன்றாகப் போனது’, ‘சொதப்பிவிட்டது’ என்று எழுதாதீர்கள். அவை தீர்ப்புகள், அவர்கள் படிவத்தில் செய்யும் அதே வேலை. நடந்ததை மட்டும் எழுதுங்கள். மூன்று வெவ்வேறு இடங்களில் காலிப் பட்டியலை விட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தால் அது உங்கள் விஷயம், பயிற்சியில் தீரும். ஓரிடத்தில் மட்டும் ‘கம்யூனிகேஷன்’ என்று வந்து, மற்ற இரண்டில் அந்தப் பேச்சே இல்லையென்றால் அதைச் சுமந்துகொண்டு திரிய வேண்டாம்.

முன்கூட்டியே கேட்கலாம் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்தெந்த ரவுண்டு, எதைப் பார்ப்பீர்கள், மதிப்பிட எழுதிவைத்த அளவுகோல் உண்டா என்று ஹெச்ஆரிடம் கேட்பது தவறே இல்லை. தெளிவாகப் பதில் சொல்லும் கம்பெனியில் ரூப்ரிக் இருக்க வாய்ப்பு அதிகம். ‘சும்மா ஒரு பேச்சுதான்’ என்று பதில் வந்தால், அங்கே யார் எதிரே உட்காருகிறார் என்பதுதான் எல்லாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கோடு எழுதும்போது நினைப்பதை வாய்விட்டுச் சொல்வதும் உதவும். நீங்கள் பேசாத மூன்று நிமிடத்துக்கு அவர் அர்த்தம் கொடுப்பதைவிட, ‘முதலில் மெதுவான வழியை எழுதிப் பார்க்கிறேன், பிறகு வேகப்படுத்துகிறேன்’ என்று நீங்களே கொடுத்துவிடுவது நல்லது.

நாளைக்கு நீங்களே மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்தால், டீப்ரீஃபில் ஒருவர் ‘ஏதோ ஒன்று சரியாகப் படவில்லை’ என்று சொல்லும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘அவர் என்ன செய்தார், அதைச் சொல்லுங்கள்.’ சீனியர் முதலில் வாய் திறந்துவிட்டால் மற்றவர்களின் மார்க்கும் அந்தப் பக்கம் சாயும், ஆகவே அவரைக் கடைசியில் பேசச் சொல்லுங்கள்.

வேண்டாம் என்று அனுப்பியவர்களையே பல கம்பெனிகள் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்கின்றன. அந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த முறை பேனலில் பெரும்பாலும் வேறு ஆட்கள் இருப்பார்கள்.